கண்ணாடிப் பெட்டிக்குள் முரசு

பிரேசிலில் ஒரு துறைமுக நகரம். அங்குள்ள போலீஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முரசைப் பார்த்ததும் சுல்மிரா நின்றுவிட்டாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய் வந்த மூதாதையர் தங்கள் சாமிகளை அழைத்த முரசு அது. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, பூசையின் நடுவே போலீஸ் புகுந்து பறித்துக்கொண்டு போனது. ‘சூனியக்காரர்களிடம் கைப்பற்றியது’ என்று பெட்டியின்மேல் எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைப் பாவாடை தரையில் பரவ, அவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

காவலாளி ஓடிவந்தான். “எந்திரிங்கம்மா. இது கோயில் இல்ல.”

“சாமியத் தூக்கிட்டு வந்து வெச்சது நீங்கதான? அப்ப கோயில்தான்.”

மறுநாள் காலை அவன் கதவைத் திறந்தபோது, வெள்ளை உடுத்திய பெண்கள் தெருமுனைவரை வரிசையாக நின்றிருந்தார்கள். முதலில் நின்ற சுல்மிரா, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவுச்சீட்டை நீட்டினாள்.