செய்முறைத் தேர்வுக்கு வந்தவர்

இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் அப்பா, வேலை கேட்டு வந்தவர் மாதிரி.

எதிரே மகள். உளவியல் கடைசி வருஷத்தின் செய்முறைத் தேர்வு. பரிசோதனைக்கு ஆளுக்கு ஒருவரை வெளியிலிருந்து மாணவர்களே கூட்டி வர வேண்டும்.

வருவதாக இருந்த பக்கத்து வீட்டு அக்கா கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். முந்தின ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்லி மகள் மூக்கால் அழுதாள்.

"ஞாபகசக்திப் பரிசோதனைதானே? நானே வரேன்" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளால் நம்பவே முடியவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். லேசில் லீவு போட மாட்டார். போதாததற்கு, இந்தப் படிப்பு சோறு போடுமா, யார் வேலை கொடுப்பார்கள் என்று மூன்று வருஷமாக அவள் காது புளிக்கக் கேட்டவர்.

கேள்வியில் தப்பில்லை. அந்தச் சின்னக் கல்லூரியில் இதே படிப்பை முடித்த அக்காக்களில் ஒருத்தி துணிக்கடையில் பில் போடுகிறாள். இன்னொருத்தி போனில் கிரெடிட் கார்டு விற்று எல்லாரிடமும் திட்டு வாங்குகிறாள்.

ஆனாலும் இதுவும் ஒரு படிப்புதான் என்று அப்பா இன்றைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். மார்க்கை விட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வார்த்தைகளை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். குடை, ஆணி, மேகம், சீப்பு என்று போயிற்று பட்டியல். நடுவில் சின்னக் கணக்கு ஒன்று போடச் சொன்னாள். பிறகு, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னாள்.

"குடை" என்றார் அப்பா. "ஆணி."

அதற்கு மேல் வரவில்லை. சுவரைப் பார்த்தார்.

பதற்றம்தான் என்று நினைத்தாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

இந்த முறை குடை மட்டும்தான் வந்தது. மூன்றாம் முறை அதுவும் வரவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயத்தை வெளியே காட்டாமல் முடிவுகளை எழுதி முடித்தாள். தேர்வு நடத்த வந்த அம்மையார் அவள் தோளைத் தட்டி, நன்றாகச் செய்தாய் என்றார்.

வராந்தாவுக்கு வந்தார்கள். இப்போது கிண்டல் ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். சும்மா நடித்தேன் என்று ஆரம்பித்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள் என்பதுதான் உண்மை.

அப்பா கிண்டல் செய்யவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறப்போ, ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியாம நடுரோட்டுல நின்னுட்டேன்மா. அம்மாகிட்டகூடச் சொல்லல. நீ இதத்தானே படிக்கிற, சொல்லு. நாளைக்கு நான் வண்டி எடுக்கலாமா?"

"டாக்டரப் பாக்குற வரைக்கும் வேண்டாம்பா."

அப்பா வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு, அவள் சொன்ன ஒன்றை அவர் மறுபேச்சுப் பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான்.