சிலந்தியின் பின்னால் வந்த நூல்

எந்த வீடு என்பதில் கதை சொல்வோர் ஒத்துப்போவதில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்த வீடு என்பதில் மட்டும் ஐயமில்லை. சிலந்தி ஆயுளெல்லாம் நெய்ததைவிட நெருக்கமான வலை ஒரே மதியத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கொசுவும் உள்ளே வரவில்லை. இரை கிடைக்காத சிலந்தி சுவரிறங்கி, சாரையில் போய்க்கொண்டிருந்த ஓர் எறும்பிடம் வந்தது.

“தம்பி, நெசவை விட்டுவிட்டேன். உங்கள் சாரையில் எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா?”

“எட்டுக் காலும் ஒரே திசையில் போகுமா, அக்கா?”

“பழக்கிக்கொள்வேன்.”

“சரி. பின்னால் என்ன நூல்?”

சிலந்தி திரும்பிப் பார்த்தது. விழுந்தால் தாங்குவதற்கென்று, எப்போதும்போல, நூலின் நுனியைப் பழைய வலையில் முடிந்துவிட்டுத்தான் இறங்கியிருந்தது.

“அறுத்துவிட்டு வாருங்கள். எங்களுக்குக் கால் தடுக்கும்.”

சிலந்தி நூலை வாயில் கவ்வியது. சாரையின் கடைசி எறும்பும் கடந்துபோயிற்று; நூல் இன்னும் வாயில்தான் இருந்தது.