பம்பைப் பெட்டி

"மழை, பஸ்ஸு, எதுக்கும் பயமில்லம்மா. உள்ள ரெண்டு அடுக்கு ஃபோம் வெச்சிருக்கேன். கீழ போட்டாகூட உங்க பம்பைக்கு ஒண்ணும் ஆவாது" என்றான் முனிரத்தினம். திருப்பதியில் மேளம், வீணை எதுவானாலும் அளவெடுத்துப் பெட்டி செய்துகொடுப்பவன் அவன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு.

கார்வேட்டிநகரத்திலிருந்து பம்பையைச் சுமந்து வந்திருந்த சென்னம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை.

"அது ஒடஞ்சா ஒடயட்டும் நைனா. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது."

"பெட்டிக்குள்ள இருக்கறத யாரும்மா அடிக்கப் போறாங்க?"

"யாரும் தொடறதே இல்ல. தானா அடிச்சிக்குது."

முனிரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பம்பையைப் பெட்டியில் வைத்து மூடினான். உடனே சென்னம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"இப்ப எதுனா கேக்குதா நைனா?"

அவன் பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்தான். "ஒரு சத்தமும் இல்லியே."

"நெசமாவே கேக்கலியா?"

"இல்லம்மா. நம்ம வேலை அப்படி!"

அவள் கண்கள் கலங்கின. "எங்க வூட்டுக்காரரு சாவறதுக்கு மொதநாளு இது அடிச்சிது. வூட்ல எல்லாருக்கும் கேட்டுது, அவருக்கு மட்டும் கேக்கல. என் கொழுந்தனுக்கும் அப்படித்தான் ஆச்சு."

முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் மனைவி கஸ்தூரி, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து கோபமாக வந்தாள்.

"யாருங்க அது, இப்படி பம்பை அடிச்சிக்கினு இருக்கறது? குழந்தை பயந்து அழுவுது, உங்களுக்குக் கேக்கலியா?"