ருசி பார்க்காத சாம்பார்

நாற்பத்தெட்டு வயதிலேயே பூங்கோதைக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் அமாவாசை அது. படையலுக்குச் சமைத்ததைக் காகம் கொத்தும்வரை அந்த வீட்டில் யாரும் ருசி பார்ப்பதில்லை. சாம்பாரில் அவள் உப்புப் போட்டாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டால் அவள் முகம் சுண்டிப்போகும். அவள் விளக்கேற்றப் போனபோது கணவன் வேலப்பன் சமையலறைக்குள் நுழைந்து கொஞ்சம் கல்லுப்பை அள்ளிப் போட்டான். அவள் வாழையிலை நறுக்கக் கொல்லைக்குப் போனபோது மகள் மேகலாவும் போட்டாள்.

காகம் வந்து கொத்திவிட்டுப் பறந்தது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே வேலப்பன் நிமிர்ந்து மகளைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு கரிக்குதே” என்றாள் பூங்கோதை. “நான் ஒரு தடவதானங்க போட்டேன்?”

இருவரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

“மறந்துபோய் மறுபடியும் போட்டுட்டேனா?”

வேலப்பன் வாயைத் திறந்தான். பிறகு ஒரு கவளத்தை உருட்டி அதில் போட்டுக்கொண்டான்.

பூங்கோதை எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து மகளின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இனிமே நீயே போட்டுரும்மா.”