சுறா மார்க் பனியன்

"கரடியா, சுறாவா? நீங்கதான் சொல்லோணுமுங்க, டீச்சரம்மா" என்றார் மாரப்பன்.

ஜானகியம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"போன வாரம் யானையா, மானான்னு கேட்டீங்க. ஒரு பனியன் லேபிளுக்கு எத்தனை மிருகம்?"

"யாவாரமுங்களே. மார்க் சரியா அமைஞ்சாத்தானுங்க சரக்கு ஓடும்."

பனியன் கம்பெனி முதலாளி, ஓசியில் பாடம் கேட்க வெள்ளிதோறும் வந்துவிடுகிறார். என்ன மனிதரோ என்று நினைத்தாலும், ஜானகியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். உடனிருந்த ஒரே தங்கையும் இறந்தபின், துணைக்கு வந்த அண்டை வீட்டுப் பெண்களை, "என் மேல் யாரும் பரிதாபப்பட வேண்டாம்" என்று வாசலோடு அனுப்பியிருந்தார். அதன்பின் அந்தப் படியை மிதித்தவர் மாரப்பன் ஒருவரே.

"கரடி பாலூட்டி. சுறா மீன். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு."

"எங்க மேஸ்திரிக்கும் முதுகெலும்பு இல்லீங்க. அவனும் சுறாவுங்களா?"

ஜானகியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சுறா குட்டி போடுமாமுங்க. அப்ப அதும் பாலூட்டிதானுங்களே?"

"பல சுறாக்கள் குட்டி போடும். பால் கொடுக்காது. குட்டியைப் போட்டதும் தன் வழியே தனியாப் போயிடும். கரடி அப்படியில்லை, குட்டியை முதுகில் சுமந்துக்கிட்டு நம்ம மலைக்காட்டிலேயே திரியும். இப்போ அதை இஷ்டத்துக்குச் சுடவும் முடியாது. எழுபத்திரண்டுல சட்டம் வந்தாச்சு."

"சுறாவுக்குங்க?"

"ஒரு சட்டமும் இல்லை. பிடிச்சுக் கருவாடு போட்டா ஏன்னு கேட்க நாதியில்லை."

"பாவமுங்களே! ஏனுங்க அப்படி?"

"பார்த்தாப் பயம். கிட்டப் போக யாருக்கு மனசு வரும்?"

மாரப்பன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அடுத்த வாரம் வந்து முடிவு கேட்டுக்கறனுங்க" என்று எழுந்தார்.

அந்த வாரம் முழுவதும் ஜானகியம்மாள் பழைய புத்தகங்களை இறக்கித் தூசி தட்டிப் படித்தார். வெள்ளிக்கிழமை வந்தது. மாரப்பன் வரவில்லை. அவருக்காகப் போட்ட காபி ஆறி ஆடை கட்டியது. அடுத்த வீட்டு வானொலிச் சத்தம் அன்று வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சொன்ன நாளில் வராதவரைக் கண்டிக்கத்தான் போவதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கம்பெனி வாசலில் ஒரு பெண் பனியன்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளிக்குக் காய்ச்சலுங்க. ஊட்டுல படுத்திருக்காருங்க. என்ன சேதிங்க?"

"புது மார்க் விஷயமா..."

"புது மார்க்குங்களா?" அவள் சிரித்தேவிட்டாள். "எங்குளுது மணி மார்க்குங்க. அவுங்கப்பாரு வெச்சது. உசுரே போனாலும் மாத்தமாட்டாருங்க."

ஜானகியம்மாள் பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டி ஒவ்வொன்றிலும் கோயில் மணிப் படம்.

"ஆனா வெள்ளிக்கிழமையானா ஒரு கூத்துங்க. 'இன்னிக்கு எந்த மிருகத்தைக் கேக்கறது?'ன்னு எங்களையெல்லாம் பிடிச்சுக் கேப்பாருங்க. எதுக்குன்னுதான் வெளங்கலீங்க."

ஜானகியம்மாள் குடைப்பிடியை இறுகப் பற்றியபடி நின்றார். தெருவரை சென்று, திரும்பி வந்தார்.

"முதலாளிகிட்ட ஒரு சேதி சொல்லணும்" என்றார் தம் வகுப்பறைக் குரலில். "கரடியா, சுறாவான்னு அவசரப்பட்டு முடிவு பண்ண வேண்டாம். கடல்லயே இருந்துக்கிட்டுப் பால் கொடுக்கிற திமிங்கிலம் இன்னும் பாக்கி இருக்கு. உடம்பு தேறினதும் வரச் சொல்லு."