பேருக்கு ஒரு பார்சல்

"டேவிட் சார்! பார்சல்!"

கூரியர்காரன் சந்தோஷின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. உள்ளே ஜெயசீலி எழுந்திருக்கவில்லை. முதல் குரலுக்கு அவள் எழுந்ததே கிடையாது.

"டேவிட் சார்!"

இரண்டாவது குரலுக்குத்தான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அழைப்பு மணி கதவோரம் சும்மாதான் இருந்தது. மனுஷன் ஒருநாளாவது அதில் விரல் வைத்தானா என்றால், இல்லை.

"குளிச்சினு கீறாருப்பா. எங்கிட்ட குடு."

பார்சலுக்குள் என்ன இருக்கும் என்று அண்ணனூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். வெள்ளைக்காரன் காலத்துப் படம் போட்ட புத்தகம். மேட்டுக்காட்டில் கௌதாரி சுடுவது எப்படி, ஓடையில் தூண்டில் வீசுவது எப்படி என்று பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், ஒவ்வொரு படத்துக்கும் மேலே வெங்காயச் சருகு போல ஒரு தாள்.

ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற டேவிட்டின் சொந்த வேட்டையெல்லாம் கொசு பேட்டோடு சரி. மீன் பிடிக்கிறேன் என்று ஏரிக்குப் போய் ஜலதோஷம் பிடித்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ஆனால் படத்தில் ஒரு காடை பறந்தால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். அந்தப் படத்தைக் காட்டி, இதற்கு மிளகு தூக்கலாகப் போடலாமா, மல்லி போடலாமா என்று ஜெயசீலியைச் சீண்டுவார்.

பீரோ நிரம்பி, கட்டிலடியும் நிரம்பியாகிவிட்டது. போன வாரம் வந்த பார்சலே பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது. பக்கத்து வீட்டு அனுசுயாகூட, இன்னாத்துக்குக்கா இன்னும் இதெல்லாம் என்று கேட்டுப் பார்த்துவிட்டாள்.

பழைய ஜெயசீலியாக இருந்தால் இந்தப் புத்தகக் குப்பைக்கு ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்திருப்பாள். இப்போது அவளுக்குக் கோபமும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. மரத்துப்போன காலை எடுத்து வைப்பது போல ஒவ்வொரு நாளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷ் பார்சலைக் கொடுக்காமல் நின்றான். முன்பு பந்தல் கடையில் டெம்போ ஓட்டியவன். பேச்சு குறைவு, வேலை கச்சிதம். அந்த வீட்டு கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் என்று யாரும் சொல்லாமலே, பார்சலோடு வந்த முதல் நாளே தூக்கித் திறந்தவன்.

இந்த முறை புது ரூல் என்றான். வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலாம். யார் பேருக்கு வந்ததோ அவர் கையில்தான் கொடுக்க வேண்டுமாம். அவர் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பேருக்கு இனிமேல் எதையும் எடுத்துவர மாட்டார்களாம்.

எப்போதும் போல ஓ.டி.பி. சொல்கிறேனே என்று ஜெயசீலி ஆர்டர் போட்ட தன் போனை நீட்டினாள்.

"இதுக்கு அது செல்லாதும்மா. சாரே வரணும்."

அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசுக்குள் ஏதோ அசைந்தது, அது பயம். புத்தகம் போனால் போகட்டும். அந்தப் பேருக்கு இனி பார்சலே வராது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் இல்லை. சந்தோஷும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூங்கிட்டாரு போல," என்றாள். குளிக்கிறவர் எப்படித் தூங்குவார் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

சந்தோஷ் சிரிக்கவில்லை. தன் போனில் எதையோ தட்டிவிட்டு, பார்சலை அவள் கையில் வைத்தான்.

"சார் கையிலயே குடுத்துட்டேன்னு போட்டுட்டேன்."

"உனக்கு வம்பாயிடப் போவுதுப்பா. ரூலுன்னு சொன்னியே?"

கேட் வரைக்கும் போனவன் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், கேட்டைத் தூக்கிச் சாத்திக்கொண்டே சொன்னான்.

"சாரு போன அன்னிக்கி இந்த ஊட்ல ஐஸ் பொட்டி எறக்குனதே நான்தாம்மா. அதான் பெல்லு அடிக்காம, பேரச் சொல்லிக் கூப்புடுறேன்."