கண்ட்ரோல்ல இருக்கார்

"அந்த மூணாவது இறக்கையில அழுக்கு அப்படியே இருக்கு. மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கிற ஆளுக்கே கண்ணு தெரியலையா?"

ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து மனைவி கத்தினாள். உச்சியில் நின்று கணவர் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தன் கணவரோடு உள்ளே நுழைந்த அவருடைய அக்கா ஏணியை நோக்கி ஓடினாள். "டேய் தம்பி, இறங்குடா கீழே!"

"இன்னும் ஒரு ஃபேன் பாக்கி இருக்குக்கா."

"இறங்குன்னா இறங்கு."

கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் கணவர் ஓடிப்போய் மச்சானின் முதுகுக்குத் தலையணை கொடுத்தார். வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்த விவகாரத்தில் ரொம்ப நாளாக மச்சானோடு முகம் கொடுத்துப் பேசாதவர் அவர்.

மகள் ரிமோட்டை அப்பா கையில் திணித்தாள். "நீங்க நியூஸ் பாருங்கப்பா. நான் பாட்டு அப்புறம் கேட்டுக்கறேன்."

அக்கா, தம்பி மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"உனக்கு நெஞ்சில ஈரமே கிடையாதா? அவனுக்கு என்னன்னு தெரிஞ்சுமா ஏணியில ஏத்தறே?"

"தெரியும் அண்ணி. ஃபேன் அழுக்கா இருந்துச்சு."

அக்காவுக்கு வாயடைத்துப் போனது. சாதாரண விஷயமில்லை. குடும்பத்தில் அவளுக்கு வானொலி என்று பெயர்.

விஷயத்தைக் கண்டுபிடித்ததே வானொலிதான். தம்பி அவள் வீட்டில் செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போன அன்று ஓர் அழைப்பு வந்தது. புற்றுநோய் அறக்கட்டளையாம். "சார் எங்க கண்ட்ரோல்ல இருக்கார். இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும். சாயங்காலம் கூப்பிடறோம்" என்றது ஒரு பெண் குரல்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? தம்பிக்குப் புற்றுநோய். இப்போதைக்குக் கண்ட்ரோலில் இருக்கிறது. வீட்டில் மறைக்கிறான்.

இருட்டுவதற்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "அவனா சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. ஆனா நல்லாத் தாங்கணும்" என்று உத்தரவு போட்டாள் அக்கா.

எல்லோரும் தாங்கினார்கள், மனைவியைத் தவிர. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு. சாப்பிட்ட தட்டை எடுக்காவிட்டால் திட்டு. குறட்டை விட்டால்கூடத் திட்டு.

சமையலறை வாசலில் தம்பியே வந்து நின்றார்.

"என்னதான் நடக்குது இந்த வீட்டில? அத்தான் எனக்குத் தலையணை வைக்கிறார். பொண்ணு ரிமோட்டைக் குடுக்குது. எனக்குப் பயமா இருக்குக்கா. யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா உடைந்துவிட்டாள். "எங்களுக்கு எல்லாம் தெரியும்டா. பயப்படாதே. கண்ட்ரோல்லதானே இருக்கு, ஒண்ணும் ஆகாது."

"எது கண்ட்ரோல்ல இருக்கு?"

"அதான்டா... அந்த கேன்சர்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா! நோய் கண்ட்ரோல்ல இல்ல. நான்தான் கண்ட்ரோல்!"

"என்னடா உளர்றே?"

"அந்த அறக்கட்டளையில ஆராய்ச்சி பண்ற டாக்டர் ஒருத்தர் நம்ம கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தார். நோயை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்க வழி தேடறாங்களாம். அதுக்கு நோய் இருக்கிறவங்க ரத்தத்தையும் இல்லாதவங்க ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கணுமாம். இல்லாத ஆளுக்கு அவங்க பாஷையில கண்ட்ரோல்னு பேரு. என் வயசுல யாரும் வர மாட்டேங்கிறாங்கன்னார். போனேன்."

"அப்ப உனக்கு...?"

"முதல்ல என்னைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தாங்க. வாய்க்குள்ள டார்ச் அடிச்சுக்கூட. சிகரெட்டை விட்டது நல்ல காரியம், இனிமே தொடாதீங்கன்னு அனுப்பிட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"யாருகிட்ட? வானொலிகிட்டயா?"

அக்கா தம்பி முதுகில் இரண்டு போட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடத்தில் பாட்டு அலறியது. ரிமோட் மகளிடம் திரும்பியிருந்தது. தலையணையை எடுத்துத் தன் முதுகுக்கு வைத்துக்கொண்ட அக்காவின் கணவர், "என்ன சொன்னாலும் அந்தப் பச்சை கண்றாவிதான்" என்றார்.

கண்ணைத் துடைத்த அக்கா, தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சரி. ஆனா ஒண்ணை மட்டும் நான் மறக்க மாட்டேன். புருஷனுக்கு இந்த நோய்னு நம்பிக்கிட்டே, அவனை ஓட ஓட விரட்டினியே. நீயெல்லாம் என்ன பொம்பளை?"

மனைவி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"நீங்க சொன்ன அன்னைக்கே அந்த அறக்கட்டளைக்குப் போன் பண்ணேன் அண்ணி. வீட்டு ஆளுங்க பேசறதுக்குன்னே ஒரு நம்பர் வச்சிருக்காங்க. பேர்கூடக் கேக்கல. அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம், அவருக்கு எது பிடிக்காதுன்னு கேட்டாங்க. யாராவது பாவம் பார்த்தாப் பிடிக்காதுன்னேன்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தினமும் குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூம்ல அழுதுட்டு வந்துதான் வாயைத் திறப்பேன். என்ன பண்றது? 'வழக்கமா அவர்கிட்ட எப்படிப் பேசுவீங்க'ன்னு கேட்டாங்க. திட்டுவேன்னு சொன்னேன். 'அப்ப ஒரு நாள்கூட விடாம திட்டுங்கம்மா'ன்னுட்டாங்க."